சந்தேகங்களுக்கு விளக்கம்: கமிட்டியில் நர்சுகள் ஏன் வாய் திறப்பதில்லை?

கோவையிலிருந்து ஒரு நர்சிங் சூப்பிரண்டெண்ட் கேட்டிருக்கிறார்: "நோயாளிப் பாதுகாப்புக் கமிட்டியில் நர்சுகளையும் சேர்த்துவிட்டோம். மாதம் ஒருமுறை கூடுகிறோம். யாரும் பேசுவதில்லை. அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்கு யோசனை கேட்டாலும் 'ஒன்றுமில்லை மேடம்' என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

அம்மா, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் மருத்துவமனையில் கடைசியாக வாய் திறந்தவருக்கு என்ன நடந்தது?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், இரவு ஷிப்டில் ஒரு சிஸ்டர் டிஸ்டில்டு வாட்டர் என்று நினைத்து பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலைக் கையில் எடுத்துவிட்டார். அதை நீர்க்காமல் நேரடியாக இரத்தக்குழாயில் செலுத்தினால் இதயமே நின்றுவிடலாம். உடைக்கப்போகும் நேரத்தில் லேபிளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரண்டும் ஒரே தட்டில், ஒரே உயரத்தில் இருந்தன. நேர்மையாகப் பதிவேட்டில் எழுதிவைத்தார். மறுநாள் மெமோ வந்தது. தட்டை யாரும் மாற்றவில்லை. அடுத்த மூன்று மாதம் அந்தப் பதிவேட்டில் ஒரு வரி விழவில்லை. பிழையே இல்லாத வார்டு என்று கூட்டத்தில் கைதட்டினார்கள், நானும்தான் தட்டினேன்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 2001இல், பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய இரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய், போடும்போது தொற்று வராமலிருக்க ஒரு சிறு பட்டியல் எழுதினார். கை கழுவுவது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது என்று எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவைதான். முதல் மாதம் நர்சுகள் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நோயாளிகளுக்கு மருத்துவர்கள் ஒரு படியையாவது விட்டிருந்தது தெரிந்தது. அதன் பிறகுதான் நிர்வாகம் நர்சுகளிடம், படி தவறினால் நிறுத்துங்கள், உங்கள் பின்னால் நாங்கள் நிற்கிறோம் என்றது. அந்தப் பின்பாதி இல்லாவிட்டால் முன்பாதி வெறும் காகிதம்.

பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதைச் செய்தன. பிரிவுக்கு ஒரு மருத்துவரும் ஒரு நர்சும் பொறுப்பு. உயர் நிர்வாகிகளும் பிரிவுகளைத் தத்தெடுத்து நேரில் போனார்கள். போனபோதுதான் பெரும்பாலான பிரிவுகளில் குளோர்ஹெக்சிடினே இருப்பில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது! நர்சுக்கு அது தினமும் தெரியும். ஆனால் வாங்கும் அதிகாரம் மேலே இருக்கிறது. மூன்றே மாதத்தில், ஆயிரம் குழாய்-நாளுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய்-நாள்) 2.7 என்றிருந்த இடைநிலை (மீடியன்) இரத்தத் தொற்று விகிதம் பூஜ்யத்துக்கு வந்தது, அதாவது பாதிப் பிரிவுகளிலாவது தொற்றே இல்லை. 2006இல் முடிவுகள் வெளியாயின.

உங்கள் திட்டத்துக்கும் இதே வழிதான். 'நமது தொலைநோக்கு என்ன?' என்று கேட்டால் யார்தான் பேசுவார்? புதிய வார்டின் வரைபடத்தை மேசையில் விரித்து, மருந்து டிராலி எங்கே நிற்கும், இரவில் எத்தனை கட்டிலுக்கு ஒருவர், கடைசிக் கட்டிலில் மணி அடித்தால் இங்கே கேட்குமா என்று கேளுங்கள். பென்சிலை அவர்கள் கையில் கொடுங்கள். கூட்டத்தை ஷிப்ட் மாறும் நேரத்தில், டூட்டி நேரத்துக்குள்ளேயே வையுங்கள். இரவு டூட்டி முடிந்து தூக்கத்தோடு வருகிறவரிடம் யோசனை கேட்பது பாவம்.

மாதம் ஒருமுறை உங்கள் நிர்வாக இயக்குநர் வார்டுக்கு வரட்டும், நோட்டுப் புத்தகத்தோடு. சொன்னதில் ஒன்றாவது அடுத்த வருகைக்குள் மாறியிருக்கவேண்டும். அதற்கு முன், பிழையை எழுதியதற்காகக் கொடுத்த மெமோ ஏதாவது உங்கள் கோப்பில் இருந்தால் அதைத் திரும்பப் பெறுங்கள். பெற்றுவிட்டோம் என்று அந்த சிஸ்டரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.