ஞாயிறு ஊர்வலங்கள்: நியூ ஆர்லியன்ஸ் தன் ஜாஸ் கலைஞர்களைக் காத்த விதம்

நேயர்களுக்கு வணக்கம். ஜாஸ் இசையின் மூத்த கலைஞர்கள் விட்டுச்சென்ற மரபைப் பற்றியும், அவர்களுடைய ஊரில் இன்றும் நடந்துவரும் நிகழ்ச்சிகளைப் பற்றியும் பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு என் நன்றி. நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஓர் ஊரை. அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆறு கடலை நெருங்கும் இடத்தில், லூசியானா மாநிலத்தில் அமைந்துள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம்தான் அது. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நகரத்தில் கலைஞர்களின் மரபு அழியாமல் நிற்பதற்கு முதற்காரணம், அங்குள்ள பேட்டைகளின் எளிய மக்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டு நடத்தும் தெரு ஊர்வலங்களே. நினைவுச் சின்னங்களுக்கு அந்தப் பெருமையில் சிறு பங்குதான் உண்டு.

சின்னங்களின் கதை வேதனையானது. ஜாஸ் உலகின் மிகப் பெரிய பெயரான லூயி ஆம்ஸ்ட்ராங் 1901 ஆகஸ்ட் 4 அன்று பிறந்த சிறிய வீட்டை, அவர் உயிரோடு புகழின் உச்சியில் இருந்தபோதே, 1964-இல் இடித்துவிட்டார்கள். சிறுவயதில் அவருக்கு வேலையும் உணவும் தந்து அன்பு காட்டிய கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் கடை, தெற்கு ராம்பார்ட் தெருவில் பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்து, 2021 ஆகஸ்டில் வீசிய ஐடா புயலில் இடிந்து விழுந்தது. ஆம்ஸ்ட்ராங்குக்கும் முந்தைய தலைமுறையில், ஜாஸ் என்று பின்னாளில் பெயர்பெற்ற வாசிப்புக்கு முன்னோடியாகப் போற்றப்படுபவர் பட்டி போல்டன். டிரம்பெட் போன்ற கார்னெட் என்ற வாத்தியத்தை வாசித்தவர். அவர் 1907-இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, வெளியே வராமலேயே 1931-இல் இறந்துபோனார். அவர் வாசித்த ஒரு பதிவுகூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை. ஹோல்ட் இடுகாட்டில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஆனால் அவர் உடல் அங்கே எந்த இடத்தில் புதைக்கப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது.

இவற்றைவிடப் பெரிய இழப்பு ட்ரெமே என்ற பேட்டையில் நேர்ந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அடிமை முறை இருந்த காலத்திலேயே சொந்த வீடு வாங்கி வாழ்ந்த பழமையான குடியிருப்பு அது. அதன் நடுவே ஓடிய கிளேபோர்ன் சாலையின் நடுத்திட்டில் வரிசையாக நின்ற ஓக் மரங்களை 1966-இல் வெட்டிச் சாய்த்து, அவை நின்ற இடத்தில் நெடுஞ்சாலை மேம்பாலத்தைக் கட்டினார்கள். அதே பேட்டையில் தெருத்தெருவாக வீடுகளை இடித்துப் பெற்ற நிலத்தில்தான், பின்னர் ஆம்ஸ்ட்ராங் பெயரில் பூங்காவும் அவருக்கு வெண்கலச் சிலையும் அமைத்தார்கள். கலைஞனை வளர்த்த குடியிருப்பை அகற்றிவிட்டு, அந்த நிலத்தில் கலைஞனுக்குச் சிலை வைப்பதை மரியாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை இழப்புக்குப் பிறகும் அந்த இசை எப்படித் தலைமுறை தாண்டி வந்தது? அதற்கு விடை காண, பேட்டைகளில் இயங்கும் சங்கங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்த நிலையில், அவர்கள் தாங்களே பரஸ்பர உதவிச் சங்கங்களைத் தொடங்கினார்கள். உறுப்பினர் மாதச் சந்தா கட்டுவார். நோய் வந்தால் மருத்துவச் செலவைச் சங்கம் ஏற்கும். இறந்தால் நல்லடக்கத்துக்கும், முன்னே செல்லும் பேண்டு வாத்தியக் குழுவுக்கும் சங்கமே பணம் தரும். 1884-இல் தொடங்கிய 'யங் மென் ஒலிம்பியன்' சங்கம் இன்றும் இயங்குகிறது. இத்தகைய சங்கங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்வலம் நடத்துவதால், கோடை வெயில் தணியத் தொடங்கும் ஆகஸ்ட் இறுதியிலிருந்து அடுத்த ஆண்டு ஜூன் வரை ஏறத்தாழ எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நகரத்தின் ஏதோ ஒரு பேட்டையில் பேண்டு முழங்கிக்கொண்டிருக்கும். சங்கத்தாரும் வாத்தியக்காரர்களும் முதல் வரிசை. அவர்களைப் பின்தொடர்ந்து ஆடிக்கொண்டே வரும் ஊர்மக்கள் இரண்டாம் வரிசை. அதனால் அந்த ஊர்வலத்துக்கே 'செகண்ட் லைன்' என்று பெயர் நிலைத்துவிட்டது. நுழைவுச்சீட்டு கிடையாது, மேடை கிடையாது. நான்கு மணி நேரம் நடையும் ஆட்டமும், இடையிடையே உணவு விடுதி வாசல்களிலோ மறைந்த உறுப்பினர் ஒருவரின் வீட்டு வாசலிலோ சற்று நிற்பதும்தான் நிகழ்ச்சி. கிளேபோர்ன் மேம்பாலத்தின் அடியில் ஊர்வலம் நுழையும்போது, கான்கிரீட் கூரையில் ஒலி மோதித் திரும்புவதால் டிரம்பெட்டுக்காரர்கள் இன்னும் உரக்க ஊதுவார்கள். கூட்டமும் சேர்ந்து குரல் எழுப்பும். தங்கள் மரங்களைப் பறித்த பாலத்தையே அந்த மக்கள் இசைக்கூடமாக ஆக்கிக்கொண்டார்கள்.

இறுதி ஊர்வலங்கள் இந்த மரபின் ஆணிவேர். இடுகாட்டை நோக்கிச் செல்லும்போது சவ வண்டிக்கு முன்னே பேண்டு மிக மெதுவாகக் கிறித்தவப் பாடல்களை வாசித்துச் செல்லும். ஸ்நேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பிகளுக்கும் தோலுக்கும் இடையே கைக்குட்டையைச் செருகி ஓசையை மழுங்கடித்திருப்பார்கள். அதனால் அடி ஒவ்வொன்றும் அடக்கமாக, தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்கும். பேஸ் டிரம்முக்காரர் ஒரு கையால் டிரம்மை அடித்துக்கொண்டே, அதன் தலைமேல் பொருத்திய ஒற்றைத் தாளத்தட்டை மறுகையில் உள்ள கம்பியால் தட்டுவார். சட்டை மாட்டும் கம்பியை வளைத்து அதற்குப் பயன்படுத்துவது இந்த ஊருக்கே உரிய வழக்கம். உடலுக்கு விடை கொடுத்த பிறகு, உரிய தொலைவு நடந்ததும், கைக்குட்டை வெளியே வரும், ஸ்நேர் டிரம் படபடவென முழங்கும், டிரம்பெட் அழைக்கும், கூட்டம் ஆடத் தொடங்கும். துயரத்தை முழுதாகச் செலுத்திய பின்னரே கொண்டாட்டத்துக்கு இடம் என்ற இந்த ஒழுங்கை மூத்த கலைஞர்கள் மிகக் கண்டிப்பாகப் பேணினார்கள்.

அந்தக் கண்டிப்பை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தவர்களில் தலையாயவர் டேனி பார்க்கர். 1909-இல் பிறந்த அவர், ஆன்வர்ட் என்ற பழைய பேண்டில் வாசித்த இசைடோர் பார்பரினுடைய பேரன். அவருடைய தாய்மாமன் பால் பார்பரின் புகழ்பெற்ற டிரம் கலைஞர். 1969-இல் கார்னிவல் ஊர்வலம் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோதே பால் பார்பரினின் உயிர் பிரிந்தது. டேனி பார்க்கர் நியூயார்க்கில் கேப் காலோவே இசைக்குழுவில் கிதார் வாசித்துப் பெயர் பெற்றார். 1965-இல் ஊர் திரும்பியபோது, பேண்டுகளில் நரைத்த தலைகளே நிறைந்திருப்பதையும், இளைஞர்கள் வேறு இசையின் பக்கம் போய்விட்டதையும் கண்டார். 1970-ஐ ஒட்டி, ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் ஆதரவில் சிறுவர்களை மட்டும் கொண்டு ஒரு பேண்டை அமைத்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் லிராய் ஜோன்ஸ் என்ற சிறுவனின் வீட்டுக் கார் கொட்டகையில் கூடிப் பயிற்சி செய்தார்கள். லிராய் ஜோன்ஸ் பின்னாளில் உலகம் சுற்றிய டிரம்பெட் கலைஞரானார். கிளாரினெட் கலைஞர் மைக்கேல் வைட், டிரம் கலைஞர் ஹெர்லின் ரைலி, மார்சாலிஸ் சகோதரர்கள் ஆகியோரும் அந்த பேண்டின் வழியே வந்தவர்களே. அந்த அலையில் 1977-இல் டர்ட்டி டஜன் பேண்டும், 1983-இல் ரீபர்த் பேண்டும் உருவாகி, பழைய தெரு வாத்தியத்தில் புதிய தாளங்களைச் சேர்த்தன. ஒரு மனிதர், ஒரு தேவாலயம், ஒரு கார் கொட்டகை ஆகியவை செய்த பணியைப் பல கோடி செலவில் எழுந்த அரங்கங்கள் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட பார்க்கர், 1994-இல் மரணப் படுக்கையில் இருந்தபோது, தமக்கு ஜாஸ் இறுதி ஊர்வலம் வேண்டாம் என்று கூறினார். அந்நாளைய ஊர்வலங்களில் சீருடை இல்லை, மெதுவான பாடல்கள் இல்லை, தொடக்கத்திலிருந்தே கூச்சலும் ஆரவாரமும்தான் என்பது அவர் மனத்தைப் புண்படுத்தியிருந்தது. டிரம்பெட் கலைஞர் கிரெக் ஸ்டாஃபோர்ட் முதலியோர், கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அணிந்து, பழைய முறைப்படியே நடத்துவோம் என்று உறுதியளித்த பிறகே அவரும் குடும்பத்தாரும் இசைந்தார்கள். சொன்னபடியே நடத்தியும் காட்டினார்கள். அந்த ஊர்வலத்தின் உத்வேகத்தில், மரபான வாசிப்பைப் பேணுவதற்காகவே 'பிளாக் மென் ஆஃப் லேபர்' என்ற சங்கம் உருவாகி, இன்றும் ஆண்டுதோறும் ஊர்வலம் நடத்துகிறது. ஒரு கலைஞர் தம் கடைசி நாள்களில் காட்டிய மனத்தாங்கல் ஒரு சங்கமாக மலர்ந்ததை மரபு வேலை செய்யும் விதத்துக்கு மிகச் சிறந்த சான்றாகக் கருதுகிறேன்.

இந்த ஊர்வலங்கள் தடையின்றி நடந்துவிடுவதில்லை. 2005-இல் கேட்ரினா புயல் நகரத்தை மூழ்கடித்து மக்களைச் சிதறடித்த பிறகு, ஊரைவிட்டுப் போனவர்கள் ஞாயிறு ஊர்வலத்துக்காகவே நெடுந்தொலைவிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த நேரத்தில், ஓர் ஊர்வலத்தை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டைக் காரணம் காட்டி, காவல் பாதுகாப்புக் கட்டணத்தை நகர நிர்வாகம் பன்மடங்கு உயர்த்தியது. சந்தாப் பணத்தில் இயங்கும் சங்கங்களால் அதைத் தாங்க இயலவில்லை. அவை நீதிமன்றத்தை நாடி, 2007-இல் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியே கட்டணத்தைக் குறைக்கச் செய்தன. அதே ஆண்டு அக்டோபரில், டூபா என்ற பெரிய ஊதுவாத்தியத்தை வாசித்த கெர்வின் ஜேம்ஸ் என்ற கலைஞரின் மறைவுக்காக ட்ரெமே தெருவில் பாடிச் சென்றவர்களைக் காவலர்கள் வந்து நிறுத்தி, இரண்டு இசைக் கலைஞர்களைக் கைது செய்தார்கள். அனுமதி பெறவில்லை என்பதும், ஓசை குறித்து அங்கு குடியிருந்த சிலர் புகார் செய்தார்கள் என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. இரங்கல் பாடலுக்கு அனுமதிச் சீட்டு கேட்கும் நிலை அந்தப் பேட்டைக்கு வந்தது பெருங்கொடுமை. ஆயினும் கைதான இருவரில் ஒருவரான டெரிக் டேப், சிறுவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குப் பின் வாத்தியமும் பாடமும் சொல்லித்தரும் 'ரூட்ஸ் ஆஃப் மியூசிக்' அமைப்பைத் தொடங்கி, பார்க்கர் தொடங்கிய பணியைத் தொடர்ந்தார்.

சட்டத்தின் கொடுமைக்கு ஆம்ஸ்ட்ராங்கும் தப்பவில்லை. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்கக் கூடாது என்று லூசியானா 1956-இல் சட்டம் இயற்றியது. அவருடைய குழுவில் இரு இனத்தவரும் இருந்ததால், அவர் பிறந்த ஊரில் வாசிக்க மறுத்துவிட்டார். 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறிய பின், 1965-இல்தான் மீண்டும் அங்கே வந்து வாசித்தார். அந்த இறுக்கமான காலத்தில், 1961-இல், ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி என்ற இளம் தம்பதியர் புனித பீட்டர் தெருவில் உள்ள பழைய கட்டடத்தில் 'பிரிசர்வேஷன் ஹால்' என்ற சிறு கூடத்தை நடத்தத் தொடங்கினார்கள். வாய்ப்பின்றி ஒதுங்கியிருந்த ஸ்வீட் எம்மா பாரெட், ஜார்ஜ் லூயிஸ் போன்ற முதியவர்கள் அங்கே இரவுதோறும் வாசித்தார்கள். மர பெஞ்சுகள், தரையில் சில மெத்தைகள், நிற்பதற்குச் சிறிது இடம். மது விற்பனை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. டிராம்போனின் சறுக்குக் குழாய் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் முகத்துக்கு மிக அருகே வந்து போகும். அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கூடம் பெருமளவு அதே நிலையில் இயங்குகிறது.

நியூ ஆர்லியன்ஸில் நடக்கும் பெரிய ஜாஸ் விழாவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1970-இல் அது தொடங்கிய இடம், அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிறுதோறும் கூடித் தங்கள் டிரம்களை முழக்கிய காங்கோ சதுக்கம். பாடகி மஹாலியா ஜாக்சனும் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனும் பங்கேற்ற அந்த முதல் விழாவுக்கு வந்தவர்கள் சில நூறு பேரே. இன்று அது லட்சக்கணக்கானோர் கூடும் விழா. ஆனால் அந்த மேடைகளில் ஏறும் உள்ளூர்க் கலைஞர்களில் பலர் கால் பழகியது ஞாயிறு ஊர்வலத்தில்தான். ஆகவே நன்கொடையும் அரசு உதவியும் மேடைக்குப் போகும் அளவுக்குத் தெருவுக்கும் போக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

வானொலியில் பேசும்போது, அந்த ஊர் வானொலியைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். என்ற சமூக வானொலி 1980 டிசம்பரில் தொடங்கியது. டிபிடினாஸ் என்ற இசை விடுதியின் மாடியில் அது இயங்கிய ஆரம்ப நாள்களில், தரையில் உள்ள துளை வழியே ஒலிவாங்கியைக் கீழே இறக்கிக் கச்சேரியை அப்படியே ஒலிபரப்பினார்கள். இன்றும் தன்னார்வலர்களே பெரும்பாலான நிகழ்ச்சிகளை நடத்துகிறார்கள். அன்றிரவு எந்தக் கூடத்தில் யார் வாசிக்கிறார்கள் என்பதை நாள்தோறும் பலமுறை படிக்கிறார்கள். ஞாயிறு ஊர்வலம் எந்தத் தெருவில் புறப்பட்டு எங்கே முடியும் என்பதையும் தெரிவிக்கிறார்கள். 2020-இல் பெருந்தொற்றினால் ஜாஸ் விழா நின்றபோது, விழா நடந்திருக்க வேண்டிய எட்டு நாள்களும், முந்தைய ஆண்டுகளில் அங்கே பதிவான கச்சேரிகளை அந்த நிலையம் ஒலிபரப்பியது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், மார்சாலிஸ் சகோதரர்களின் தந்தையும், பியானோ கலைஞரும் ஆசிரியருமான எல்லிஸ் மார்சாலிஸ் அதே தொற்றினால் மறைந்திருந்தார். கட்டுப்பாடுகளால் அவருக்குரிய இறுதி ஊர்வலத்தை அப்போது நடத்த இயலவில்லை. தடை நீங்கியதும் சங்கங்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் திரும்பின. ஊர்வல வழித்தடங்களை அந்த வானொலி மறுபடியும் அறிவித்துவருகிறது. எங்கிருந்து வேண்டுமானாலும் இணையத்தில் அதைக் கேட்கலாம். வணக்கம்.