குருதி மாதிரிக் குழாய்க்கு முன்னரே ஓர் உரையாடல்: உயிர்த்தகவலியல் உதவி எங்கே தொடங்க வேண்டும்?

(காட்சி: திருகோணமலை உட்துறைமுகம், காலை நேரம். அடுத்த காட்சி: கிண்ணியாப் பாலம்.)

வணக்கம். 2017ஆம் ஆண்டு இலங்கையில் 1,86,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் இந்தப் பாலத்துக்கு அப்பால் கிண்ணியா பட்ட பாட்டைத் திருகோணமலையில் இருப்பவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. முந்திய ஆண்டுகளில் முதலாம் வகை மேலோங்கியிருந்த நாட்டில் அவ்வாண்டு இரண்டாம் வகை பரவியது. ஒரு வகையால் நோயுற்று எழுந்தவருக்குக் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி மற்றைய வகைகளிலிருந்து அவரை நெடுநாள் காப்பதில்லை என்பதால், எந்த வகை பரவுகிறது, அது எங்கிருந்து வந்தது என்பவை பொதுச் சுகாதாரத் துறைக்கு மிகவும் முக்கியமான வினாக்களாகின்றன.

அவற்றுக்கு விடை தேடும்போது, நுளம்பைப் பிடிப்பவரும் குருதி எடுப்பவரும் ஆய்வுகூடத்தில் இருப்பவரும் தத்தம் வேலையை முடித்த பின்னரும் ஒரு பெரிய வேலை எஞ்சியிருக்கிறது. உயிரியல் தரவைக் கணினி கொண்டு ஆராயும் அந்த வேலையே உயிர்த்தகவலியல்.

(காட்சி: நறுக்கப்பட்ட ஓலைத் துண்டுகள் மேசை மீது பரவிக் கிடக்கின்றன.)

டெங்கு வைரசின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்டது; அதில் வரிசையாக அமைந்த வேதி அலகுகளையே எழுத்துகள் என்கிறோம். பெரும்பாலும் பயன்படும் வாசிப்பு இயந்திரங்கள் அதனை முதலிலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. ஒரே ஏட்டுச் சுவடியின் பல்லாயிரம் படிகளைத் தாறுமாறாக நறுக்கிக் கலந்துவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் 150 எழுத்துகளை மட்டும் வாசித்துத் தருவது போன்றது அவற்றின் முறை. முன்னரே அறியப்பட்ட ஒரு டெங்கு வைரசின் தொடரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டும் எந்த இடத்துக்கு உரியது, எந்த எழுத்து மாறியிருக்கிறது, அந்த மாற்றம் உண்மையானதா இயந்திரத்தின் பிழையா என்று கணினி கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

இயந்திரம் தரும் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.

(காட்சி: திரையில் பாஸ்ட்கியூ கோப்பின் நான்கு வரிகள் பெரிதாக்கப்படுகின்றன.)

முதல் வரி துண்டின் பெயர். இரண்டாவது அதன் எழுத்துகள். மூன்றாவது ஒரு கூட்டல் குறி. நான்காவது வரி குழப்பமான குறிகளின் கூட்டமாகத் தோன்றும். உண்மையில் அவ்வரியில் உள்ள ஒவ்வொரு குறியும், தனக்கு நேரான எழுத்தை எவ்வளவு நம்பலாம் என்று கூறுகிறது. இன்று வழக்கிலுள்ள குறியீட்டின்படி, அங்கே கேள்விக்குறி இருந்தால் அந்த எழுத்து பிழையாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. ஆங்கிலப் பேரெழுத்து 'ஐ' இருந்தால் பத்தாயிரத்தில் ஒன்று. தன் ஐயத்தையும் உடன் எழுதித் தரும் இந்தக் கோப்பு முறையின் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த நான்காவது வரியைப் பார்க்காமல் முடிவு சொல்பவரிடம் உங்கள் தரவைக் கொடுக்காதீர்கள்.

இனி, இந்த வீடியோவைத் தயாரித்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். உயிர்த்தகவலியல் உதவி என்றால், எல்லாம் முடிந்தபின் வன்தட்டில் வந்து சேரும் தரவை ஆராய்ந்து தருவது என்றே பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல, அந்த உதவி முதல் குருதி மாதிரி எடுப்பதற்கு முன்னரே தொடங்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். டெங்குக் காய்ச்சல் சிலருக்கு மட்டும் ஏன் கடுமையாகிறது என்று அறிய, கடும் நோயாளர் பன்னிருவரின் குருதியிலும் இலேசான நோயாளர் பன்னிருவரின் குருதியிலும் எந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன என்று ஓர் ஆய்வாளர் ஒப்பிடுகிறார். கடும் நோயாளரின் மாதிரிகள் அனைத்தையும் திங்களன்று ஒருவர் பதப்படுத்துகிறார். மற்றவை அனைத்தையும் வியாழனன்று வேறொருவர், வேறொரு பெட்டி இரசாயனத்தைக் கொண்டு பதப்படுத்துகிறார். முடிவில் நூற்றுக்கணக்கான மரபணுக்களில் வேறுபாடு தெரிகிறது. அது நோயின் வேறுபாடா, திங்களுக்கும் வியாழனுக்கும் உள்ள வேறுபாடா? எந்த மென்பொருளாலும் இதனைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் இரு பிரிவிலிருந்தும் ஆறு ஆறு மாதிரிகளைக் கலந்து எடுத்திருந்தால், ஒரு சதம்கூட மேலதிகச் செலவின்றி அந்த ஆய்வு பிழைத்திருக்கும். தங்கள் குருதியை நம்பிக் கொடுத்த அந்த இருபத்து நான்கு பேரை நினைக்கும்போதுதான் இந்த இழப்பின் கனம் புரிகிறது.

விரிதாளும் கவனத்துக்குரியது. செப்ட்2 என்ற மனித மரபணுவின் பெயரை ஆங்கிலத்தில் எக்செலில் தட்டினால், அது செப்டெம்பர் 2 என்ற திகதியாக மாறிவிடும். வெளிவந்த ஆய்வுகளிலேயே இந்தத் தவறு புகுந்ததால், 2020இல் மரபணுப் பெயரிடும் சர்வதேசக் குழு அத்தகைய பெயர்களையே மாற்றியது. செப்ட்2 இன்று செப்டின்2. மாதிரி எடுத்த நாளை 03/04 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்ற ஐயமும், மூதூர், கிண்ணியா ஆகிய பெயர்களை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவதும் இதே வகைத் தொல்லைகள். முதற் சந்திப்பிலேயே ஒரு பொதுப் படிவத்தை வகுத்துக்கொண்டால் இவை எழமாட்டா.

கணினி வசதி குறித்து அளவுக்கு மீறி அஞ்ச வேண்டாம். சில டசின் டெங்கு வைரஸ் மாதிரிகளை ஒரு நல்ல மடிக்கணினியிலேயே ஆராயலாம். முழு மனித மரபணுத்தொகுதி என்றால் நிலை வேறு: முப்பது மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக முப்பது முறை, வாசித்த ஒருவரின் தரவே சுமார் 100 கிகாபைட் வரை இடம் பிடிக்கும், அதற்குச் சேவையகம் எனப்படும் ஆற்றல் மிக்க கணினி வேண்டும். எதுவாயினும், முடிவுகளை அனுப்பிவிட்டு ஒதுங்கும் சேவையைவிட, உங்கள் மாணவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி ஒவ்வொரு கட்டளையையும் விளக்கும் சேவையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

(காட்சி: வைரஸ் மாதிரிகளின் வம்ச மரம், கிளைகளின் நுனியில் இடமும் ஆண்டும்.)

இறுதியாக, வைரசின் தொடரை ஜென்பேங்க் போன்ற பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கும் வேலை இருக்கிறது. நோயாளியின் சொந்த மரபணுத் துண்டுகளும் கோப்பில் கலந்திருக்கும் என்பதால், மூலத் தரவைப் பதிவேற்றுமுன் அவற்றை நீக்க வேண்டும். பெயரும் முகவரியும் வெளியே செல்லக்கூடாது. ஆனால் மாவட்டமும் திகதியும் செல்ல வேண்டும். அவை இரண்டும் இல்லாவிட்டால், திரையில் தெரியும் இந்த வம்ச மரத்தில் திருகோணமலையின் வைரசு எந்தக் கிளையில் எப்போது முளைத்தது என்று எவராலும் குறிக்க இயலாது.