உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு ஆல்ட்டோ: வீட்டு வாசலிலேயே ரேடியேட்டர் மாற்றுவோம்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் பானெட் திறந்து நிற்பது மாருதி ஆல்ட்டோ 800. 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். இன்றைக்கு இதற்கு ரேடியேட்டர் மாற்றப் போகிறோம். வண்டி ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது, இன்ஜின் ஜில்லென்று இருக்கிறது. ஓடி வந்த சூட்டோடு இந்த வேலையைத் தொடவே கூடாது. ரேடியேட்டர் மூடி பெரும்பாலான கார்களில் 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், சுடுநீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறந்தால் போதும் என்பார்கள், கேட்காதீர்கள்.

கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு போகிறேன். நடுவில் இருப்பது அலுமினிய கோர். ஓரத்தில் பிளாஸ்டிக் தொட்டி. இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு கட்டியிருக்கிறது பாருங்கள். ஒழுகல் அங்கேதான். இந்த இடத்தில் எபாக்ஸி பசை வைத்து ஒட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சூடும் அழுத்தமும் மாறி மாறி வரும் இடம் அது, பசை நிற்காது. நடுவழியில் விட்டுவிடும்.

ரேடியேட்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் கலந்த காபி மாதிரி படிந்திருக்கிறதா? சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகட்டை, சந்தேகப்பட வேண்டும். அந்த நிலைமையில் புது ரேடியேட்டர் போட்டாலும் வண்டி சுடத்தான் செய்யும். இந்த வண்டியில் இரண்டும் இல்லை, அதனால்தான் துணிந்து இறங்கியிருக்கிறேன்.

சரி, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுகிறேன். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது, விரல் உள்ளே இருக்கும்போது சுற்ற ஆரம்பித்தால் அவ்வளவுதான். அடுத்து கீழே அகலமான பேசின் ஒன்றை வைத்துவிட்டு, மூடியைத் திறந்து, அடி ஹோஸின் கிளாம்ப்பை பிளேயரால் நெருக்கிப் பின்னுக்குத் தள்ளி உருவுகிறேன். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராது. இழுக்காமல் இடமும் வலமும் திருகுங்கள், தானாக விடும்.

இந்த பேசினை உடனே மூடி வைக்கிறேன். இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்தான் கூலன்ட். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய், பூனை நக்கிவிட்டால் சிறுநீரகம் போய் இறந்துவிடும். தெரு நாய்தானே என்று சாக்கடையில் ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேனில் அடைத்துப் பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் குழந்தைகளையும் விடாதீர்கள்.

மேல் ஹோஸ், ரிசர்வ் டேங்குக்குப் போகும் சின்ன டியூப், ஃபேன் கனெக்டர் மூன்றும் கழன்றாயிற்று. கை நுழைய இடம் வேண்டும் என்பதற்காக முன் பம்பரையும் கழற்றியிருக்கிறேன். முன்னால் ஒட்டி நிற்பது ஏசி கண்டென்சர். அதன் பைப்பில் ஸ்பானர் வைத்துவிடாதீர்கள், கேஸ் போய்விடும். அதை அப்படியே விட்டுவிட்டு, பிராக்கெட் போல்ட்டுகளை எடுத்து ரேடியேட்டரை மட்டும் தூக்குகிறோம். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், தொலைத்துவிடாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் சிலவற்றுக்கு கியர் ஆயில் பைப்பும் ரேடியேட்டருக்குள் போகும். உங்கள் வண்டி அந்த வகை என்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது.

வெளியே எடுத்தாயிற்று. இதன் வாய்க்குள் டார்ச் அடிக்கிறேன், பாருங்கள். டியூப் வாயெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு. வண்டியை முன்பு வைத்திருந்தவர் தண்ணீர் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். நாங்கள் இருப்பது ராமநாதபுரம் பக்கம். இங்கே நிலத்தடி நீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும், குடத்தில் பிடித்து வைத்தாலே உப்புப் படியும். அதே தண்ணீர் இன்ஜினுக்குள் திரும்பத் திரும்பச் சூடேறினால் என்ன ஆகும்? சுண்ணாம்பு படிந்து டியூப் அடைபடும், உப்பு அலுமினியத்தை அரிக்கும்.

நம் ஊரில் பனியே இல்லை, கூலன்ட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை ஏற்றுவது, அரிப்பைத் தடுப்பது, இந்த இரண்டும் பரமக்குடி வெயிலில் ஓடும் வண்டிக்குத்தான் அதிகம் தேவை. இந்த வீடியோவில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

புது ரேடியேட்டரின் ஃபின்கள் தகடு மாதிரி மெல்லியவை, விரல் அழுந்தினாலே மடங்கும். அட்டையை வைத்து மறைத்துக்கொண்டே இறக்குகிறேன். புஷ் குழியில் உட்கார்ந்துவிட்டது. போல்ட், ஃபேன், எல்லாம் கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக வரும். மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தேன், வெடிப்புத் தெரிகிறது. அதனால் ஹோஸ் இரண்டும் புதிது. மூடியும் புதிது. அதன் ரப்பர் வாஷர் செத்துவிட்டால் அழுத்தம் நிற்காது, மற்றதெல்லாம் புதிதாக இருந்தும் பொங்கும்.

அடி ஹோஸை மாட்டும் முன் இன்ஜினுக்குள்ளும் தண்ணீர் விட்டுக் கலங்கல் தெளியும் வரை அலசிவிட்டேன். கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில். இப்போது கூலன்ட். ரெடி மிக்ஸ் என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்றுங்கள், தண்ணீர் கலக்காதீர்கள். கான்சன்ட்ரேட் என்றால் டிஸ்டில்ட் வாட்டரோடு சரிபாதி. பச்சையா சிவப்பா என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. வண்டிப் புத்தகத்தில் என்ன வகை, எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும், அதன்படி போங்கள்.

அவசரமில்லாமல் ஊற்றுகிறேன். நடுநடுவே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுகிறேன், குமிழி வருகிறது பாருங்கள். உள்ளே காற்று தங்கினால் அந்த இடத்தில் கூலன்ட் படாது. சென்சாரும் காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் சூட்டைச் சரியாகக் காட்டாது. மீட்டரை நம்பி ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள், அலுமினிய ஹெட் வளைந்துவிடும். பிறகு ஆகும் செலவுக்கு முன்னால் ரேடியேட்டர் விலை ஒன்றுமே இல்லை.

டெர்மினலை மாட்டியாயிற்று. மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்திருக்கிறேன். முகத்தைத் தள்ளியே வையுங்கள். இன்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட், அது பொதுவாக 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும். அப்போது மட்டம் சட்டென்று இறங்கும்... இதோ, இறங்கிவிட்டது. நிரப்புகிறேன். ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கட்டும், குமிழி அடங்கட்டும். நான் வண்டியை அணைத்துவிட்டு மூடியைப் போட்டுவிட்டேன். ரிசர்வ் டேங்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் மட்டம் வைத்தால் போதும்.

மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், மிச்சக் காற்று வெளியேறியிருக்கும். அதே கூலன்ட்டை ஊற்றி நிரப்புங்கள். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் கிளாம்ப் பக்கம் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் காய்ந்திருந்தால், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.