அழாத பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

(கும்பகோணத்தில் மே 12 உலக செவிலியர் தின விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, மாமன்ற உறுப்பினர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட டாக்டர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த பெரியவர் அவர்களே, டியூட்டி முடிந்த கையோடு வந்திருக்கும் சிஸ்டர்களே, எல்லோருக்கும் வணக்கம். கத்திரி வெயிலில் பொன்னாடை போர்த்தினீர்கள். அன்புக்கு நன்றி, மடித்து வைத்துவிட்டேன்.

குழந்தைகளின் கோடை முகாம்களில் செவிலியர் பணி. இதுதான் தலைப்பு. எத்தனை பேர் வேண்டும், என்னென்ன வேலை, என்ன சம்பளம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். முகாமில் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த சிஸ்டர் ஒருவர், கொள்ளிடக் கரையோரம் ஒரு முகாமுக்குப் போயிருந்தார். நூறு பிள்ளைகளுக்கு மேல். செவிலியர் இவர் ஒருவர்தான். முதல் நாள் ராத்திரி ஒரு பையன், "அக்கா, வயிறு வலிக்குது" என்று வந்து நின்றான். வீட்டு ஞாபகம், வேறொன்றுமில்லை. கொஞ்சம் ஓமவாட்டர் கொடுத்து, தலையைத் தடவி அனுப்பினார். அவன் போய் என்ன சொன்னானோ, பத்தே நிமிஷத்தில் வராந்தா முழுக்க வரிசை! ரேஷன் கடையில்கூட அப்படி நிற்கமாட்டார்கள். எல்லோருக்கும் வயிற்று வலி. ஒருவன் ஊற்றிய மூடியை நக்கிவிட்டு மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டான்.

சிரிக்கிறீர்கள், சரி. மறுநாளைக் கேளுங்கள். மே மாதத்தில் ஆற்றில் தண்ணீர் ஏது? மேட்டூர் திறப்பதே ஜூன் 12 கணக்கு. அந்த மணலில்தான் கபடி. மோர் கொடுக்கும்போது டம்ளர் ஒன்று மிச்சம். தேடிப் போனால், வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளை சத்தமில்லாமல் சாய்ந்து கிடக்கிறது. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது. வாயில் தண்ணீர் ஊற்றப் போனவரைத் தடுத்து, துண்டை நனைத்து உடம்பெல்லாம் போர்த்தி, விசிறச் சொல்லிவிட்டு, 108-க்குப் போன் போட்டார். பிள்ளை பிழைத்தது.

அழுத பிள்ளைகளெல்லாம் ஓமவாட்டர் குடித்தார்கள். அழாத பிள்ளையைத் தேட இரண்டாவது ஆள் வேண்டாமா? மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி தரும் போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். முகாமில் நோயாளிகள் இல்லைதான். அதற்காக நூறு பேருக்கு ஒருவரா? அமெரிக்காவில் முகாம் செவிலியர் என்பதே தனி வேலை. பிள்ளை கொண்டுவரும் மாத்திரை, பேர் ஒட்டிய டப்பாவோடு அவர் கைக்குப் போய்விடும். நம் பிள்ளைகள் பாலிதீன் பையில் கொண்டுவருகிறார்கள், பேரும் கிடையாது ஊரும் கிடையாது. வேலைப்பளுவைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான். ஆனால் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த சிஸ்டர், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்துவிட்டுத்தான் முகாமுக்கு வந்திருந்தார். ஏன் வந்தார்? நிரந்தரமாகாதவர்களுக்கு மாதாமாதம் மொத்தமாகக் கொடுக்கும் தொகுப்பூதியம் போதவில்லை. 2015-ல் அரசுத் தேர்வு எழுதி வந்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு அப்புறம் நிரந்தர ஊழியருக்கான காலமுறை ஊதியம் என்ற பேச்சோடுதான் எடுத்தார்கள். தொகை பிறகு கூடியது, பலர் நிரந்தரமும் ஆனார்கள். ஆனால் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் எத்தனை பேர்! தூக்கம் கெட்ட கண் மரத்தடியில் கிடக்கும் பிள்ளையை எப்படிப் பார்க்கும்? முகாமுக்கு ஆள் கூட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிச் செவிலியரை நிரந்தரமாக்குங்கள் என்கிறேன்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றால், சிஸ்டர்களே, நாமும் கொஞ்சம் சத்தமாகவே அழுவோம். வாசலில் மனு வைத்திருக்கிறோம். கையெழுத்தோடு மாநில நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணையும் எழுதிவிட்டு டிபனுக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.