மாரிக்கு முன்னே மதகைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. இன்று படலையடி மதகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வண்டி வளவுக்குள் வருவதற்காக, மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குக் குறுக்கே கொங்கிறீட் குழாய் வைத்து, மேலே மண் போட்டு மூடியிருப்போமே, அந்த மதகுதான். வைத்த வருடம் குனிந்து பார்ப்போம். அப்புறம் அது அங்கே இருக்கிற நினைப்பே நமக்கு வருவதில்லை.

எங்கள் வளவு திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் இருக்கிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. விடிய எழும்பிப் பார்த்தால், கிணற்றுக் கட்டைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் நிற்கிறது. இத்தனைக்கும் இரண்டு மாதத்துக்கு முன்தான் மதகின் மேல்வாயைத் துப்புரவாக்கியிருந்தோம். கீழ்வாய்ப் பக்கம் யாரும் போகவில்லை. அங்கே இருபது அடி தூரத்துக்குக் கான் முழுக்க மணலும் கோரையும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. அந்தக் கிணற்றை இறைத்துத் தெளிய வைக்க எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

தண்ணீர் ஓடும்வரை மண்ணைச் சுமக்கும், வேகம் குறைந்த இடத்தில் அதை இறக்கிவிடும். கீழே கானின் தரை குழாயின் தரையைவிட உயர்ந்திருந்தால், குழாய்க்குள் தண்ணீர் தேங்கும். தேங்கினால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு படை மணல் அதற்குள் படியும். அந்த நிலையில் குழாயை மட்டும் சுரண்டுவது வீண் வேலை, அடுத்த பெருமழையோடு திரும்ப அடைத்துவிடும். அதனால் வேலையைக் கீழே, தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் தொடங்குங்கள். கானைக் குழாயின் தரைக்குக் கீழே வரும்வரை வெட்டிவிட்டு, அதன்பிறகு மேலே ஏறி வாருங்கள்.

குழாய்க்குள் ஆள் இறங்கவே கூடாது. நீளமான மூங்கிலை ஒரு வாயால் செலுத்தி மறுவாயால் எடுங்கள். அதன் நுனியில் கயிறு கட்டி, கயிற்றில் வாய் வெட்டிய பிளாஸ்டிக் கலனைக் கோத்து, இரு புறமும் ஆள் நின்று மாறி மாறி இழுக்க வேண்டும். எங்கள் மதகில் முதலில் வந்தது கச்சான் காற்று கொண்டுவந்து சேர்த்த வேப்பஞ்சருகு. கறுத்து, ஊறி, நாற்றமெடுத்துப்போயிருந்தது. அதற்குப் பின்னால் சொப்பிங் பைகள், ஒற்றைச் செருப்பு. அதற்கும் அடியில்தான் மணல், கல்லுப்போல் இறுகிக் கிடந்தது. அதை அலவாங்கால் குத்திக் கலைத்து, தோட்டத்துக்கு இறைக்கும் பம்பால் தண்ணீர் அடித்த பிறகுதான் அசைந்தது.

எடுத்த மண்ணைக் கரையிலேயே குவிக்காதீர்கள், முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். வாழைக்கும் தென்னைக்கும் போடுங்கள். மேல்வாய்க்கு முன்னால் முழங்கால் ஆழத்தில் ஒரு குழி வெட்டிவிட்டால், வரும் மணலில் பெரும்பகுதி அதிலேயே தங்கும். குழாயைக் கிண்டுவதைவிடக் குழியை அள்ளுவது எவ்வளவோ லேசு.

கையை விடுவதற்கு முன் தடியால் தட்டுங்கள், புடையன் பாம்பு படுத்திருக்கக்கூடும். சேற்றில் நிற்பவர்கள் சப்பாத்துப் போட வேண்டும். காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. அதற்கு முன்கூட்டியே மாத்திரை எடுப்பதைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். இன்னொன்று, இது நமது மாவட்டத்தில் சொல்லியே ஆக வேண்டியது: சண்டை நடந்த இடங்களில் மண்வெட்டியில் இனந்தெரியாத இரும்பு தட்டுப்பட்டால், அதைத் தொடாமல் விலகிப்போய்ப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

இதற்கெல்லாம் ஏற்ற காலம் ஆவணியும் புரட்டாதியும். மண் காய்ந்திருக்கும், சிறுபோக அறுவடை முடிந்து ஆட்களும் கிடைப்பார்கள். நமக்கு விழும் மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் விழுகிறது. வீதிக்குக் கீழே போகும் மதகு அடைத்திருந்தால், அதை நீங்களே வெட்டாமல் படம் எடுத்துப் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் மேல்வாயில் நாலைந்து வாளித் தண்ணீரை ஊற்றி, ஒரு பூவரசம் இலையைப் போட்டுவிட்டுக் கீழ்வாய்க்குப் போய் நில்லுங்கள். இலை வந்தால் சரி. வராவிட்டால் இன்னும் ஒரு தடவை கயிற்றை இழுக்க வேண்டும். வணக்கம்.