வேலைக்காரனும் இளைப்பாறும் நாள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

யூதர்களின் புனித நூலான எபிரேய வேதத்தில் பத்துக் கட்டளைகள் இரண்டு இடங்களில் தரப்பட்டுள்ளன. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 5ஆம் அதிகாரத்திலும், வாரத்தின் ஏழாம் நாளான ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை ஏறத்தாழ ஒரே விதமாகத் தொடங்குகிறது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் வேறுபடுகிறது. ஆறு நாளில் வானத்தையும் பூமியையும் படைத்த கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்கிறது முதலாவது. இரண்டாவதோ படைப்பைப் பற்றிப் பேசாமல், எகிப்து தேசத்தில் நீ அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்ற நோக்கத்தையும் வெளிப்படையாகச் சொல்கிறது. எனக்கு இந்த இரண்டாவது காரணமே ஓய்வுநாள் சட்டத்தின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது.

சட்டம் யாரை நோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள். நிலமும் ஆட்களும் மாடுகளும் உடைய குடும்பத் தலைவனை நோக்கியே பேசுகிறது. மகன், மகள், வேலைக்காரர், எருது, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, அவர்களிடம் அன்று வேலை வாங்காதே என்கிறது. இந்த வரிசையில் மனைவி இல்லாதது கவனிக்கத்தக்கது. ஆனாலும் ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டக்கூடாது என்று யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் விதிப்பதாலும், வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த உணவாகிய மன்னாவை முந்தின நாளே சுட்டும் வேகவைத்தும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பதாலும், அடுப்படி வேலைக்கும் அன்று ஓய்வு கிடைத்திருக்க வேண்டும் என்று கருதலாம். உழுகிற காலத்திலும் அறுக்கிற காலத்திலுங்கூட ஓய்ந்திரு என்று 34ஆம் அதிகாரம் சொல்வது இன்னும் கடுமையானது. கதிர் முற்றி நிற்கும்போது ஒரு நாளை விடுவது எவ்வளவு கடினம் என்பது விவசாயிக்குத் தெரியும்.

பண்டிகைகளிலும் இதே அக்கறையைக் காண்கிறோம். பஸ்காவும் புளிப்பில்லாத அப்பப் பண்டிகையும் எகிப்திலிருந்து விடுதலையான இரவை நினைவூட்டுகின்றன. வாரங்களின் பண்டிகையும், ஏழாம் மாதம் 15ஆம் தேதி தொடங்கும் கூடாரப் பண்டிகையும் விளைச்சலோடு இணைந்தவை. அந்த விளைச்சலின் மகிழ்ச்சி நிலக்காரனுக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது என்பதில் உபாகமம் 16ஆம் அதிகாரம் உறுதியாக இருக்கிறது. வேலைக்காரரும், ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்டு நிலமில்லாதிருந்த லேவியனும், அந்நியனும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் உன்னோடு சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்தை அங்கேயும் ஒருமுறை நினைவுபடுத்துகிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட்டு, அதில் தானாக விளைவதை எளியவர்கள் புசிக்க விட வேண்டும் என்ற விதியும் இதனோடு சேர்ந்ததே.

சட்டம் இருந்தது என்பதற்காக எல்லாரும் அதன்படி நடந்தார்கள் என்று எண்ண வேண்டாம். தானியம் விற்பதற்கு ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருந்து, மரக்காலைக் குறைத்து, கள்ளத் தராசால் ஏழைகளை ஏமாற்றிய வணிகர்களை ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டிக்கிறார். அவர்கள் ஓய்வுநாளில் கடையை மூடத்தான் செய்தார்கள். மறுநாள் யாரை வஞ்சிக்கலாம் என்ற கணக்கு மட்டும் ஓயவில்லை.

யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட காலத்துக்குப் பின், பாரசீகர் ஆட்சியில் எருசலேமைச் சுற்றிய யூதா நாட்டின் அதிபதியாயிருந்த நெகேமியா கண்டதோ இன்னும் வெளிப்படையான மீறல். ஓய்வுநாளில் சிலர் ஆலைகளில் திராட்சைப்பழங்களை மிதித்தார்கள். தானியப் பொதிகளைக் கழுதைகள்மேல் ஏற்றி எருசலேமுக்குக் கொண்டுவந்தார்கள். கடற்கரை நகரமான தீருவின் மக்கள் மீன் விற்றார்கள். நெகேமியா சரக்கு விற்றவர்களை எச்சரித்ததோடு நிற்கவில்லை. யூதாவின் பெரியவர்களோடு வழக்காடி, பொறுப்பை அவர்கள்மேல் சுமத்தினார். பிறகு, ஓய்வுநாளுக்கு முந்தின மாலையில் இருட்டத் தொடங்கியதும் நகர வாசல்களை அடைக்கச் சொல்லி, தம் ஆட்களையே காவலுக்கு நிறுத்தினார். வியாபாரிகள் இரண்டொரு முறை மதிலுக்கு வெளியே இராத்தங்கிப் பார்த்தார்கள்; மறுபடியும் வந்தால் கைது செய்வேன் என்று அவர் மிரட்டியபின் ஓய்வுநாளில் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

நன்றி, வணக்கம்.