உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போன கதை

நேயர்களுக்கு வணக்கம்.

பட்டணத்தைச் சுற்றிப் பார்க்க வந்த கிராமத்து ஜனங்கள் ஒரு காலத்தில் இரண்டு காலேஜ்களைத் தவறாமல் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். ஒன்று செத்த காலேஜ், மற்றது உயிர் காலேஜ். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருக்கிற எழும்பூர் மியூசியம்தான் செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். என் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னார். பள்ளிக்கூடம் போகாதவர்கள் வைத்த பெயர்கள் இவை. பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடமும் ஒரு காலேஜ்தானே என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த இரண்டும் முதலில் ஒரே வளாகத்தில்தான் இருந்தன. மியூசியத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் தொழிலால் மருத்துவர். மரங்களுக்கும் மழைக்கும் உள்ள உறவைப் பற்றியெல்லாம் அந்தக் காலத்திலேயே எழுதியவர். உயிருள்ள விலங்குகளை வைத்தால் மியூசியத்துக்குக் கூட்டம் பெருகுவதைக் கவனித்த அவர், 1855ல் அங்கேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாபிடம் (ஆற்காட்டு நவாப் என்பார்களே, அவர்தான்) பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளை வாங்கி வந்தார். ஒரே வருஷத்தில் எண்ணிக்கை 300ஐத் தாண்டிவிட்டது. பொதுமக்களுக்கென்று ஏற்பட்ட மிருகக்காட்சிசாலைகளில் இந்தியாவிலேயே மிகப் பழையது இதுதான் என்பார்கள்.

மியூசியத் தோட்டம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? 1860களின் தொடக்கத்தில் விலங்குகள் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறின. 116 ஏக்கர் பூங்கா அது. மிருகக்காட்சிசாலையும் மாநகராட்சியின் கைக்கு வந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாகச் சென்னைப் பிள்ளைகள் முதன்முதலாகப் புலியைப் பார்த்தது அங்கேதான்.

அந்த இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1942 ஏப்ரல். ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டுவிட்டன. விசாகப்பட்டினத்திலும் விழுந்தாயிற்று. அடுத்தது சென்னைதான் என்ற பயத்தில் ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால், தப்பிய மிருகம் தெருவுக்கு வந்துவிடும் அல்லவா? மலபார் சிறப்புப் போலீஸாரை வரவழைத்து, சிங்கங்களையும் புலிகளையும் சிறுத்தைகளையும் கூண்டுக்குள் வைத்தே சுட்டார்கள். அந்த ஏப்ரலில் சென்னைமீது ஒரு குண்டும் விழவில்லை. உத்தரவு போட்டவர்களை நான் இங்கே குற்றம் சொல்ல வரவில்லை, அவர்களுடைய பயம் உண்மையானது. ஆனால் தினமும் அந்த மிருகங்களுக்கு இறைச்சி போட்ட காவலாளிகள் அன்று இரவு எப்படிச் சோறு தின்றிருப்பார்கள் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மறுபடி விலங்குகள் வந்தன, கூட்டமும் வந்தது. நகரமோ முன்பிருந்தே நெருக்கிக்கொண்டுதான் இருந்தது. மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று பீப்பிள்ஸ் பார்க்கின் நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. ஒரு பக்கம் ரயில் சத்தம், மறுபக்கம் பஸ் சத்தம். நடுவில், நாலு எட்டு வைத்தால் திரும்பவேண்டிய கூண்டில் ஒரு சிங்கம். சிறுவனாகக் கம்பிக்கு முன்னால் நின்றபோது, அது ஏன் ஓயாமல் முன்னும் பின்னும் நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இன்று புரிகிறது.

1970களின் நடுவில் இடம் மாற்றுவதென்று முடிவாயிற்று. 1979ல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். காடு என்று பெயர்தானே தவிர, விறகுக்கு வெட்டி வெட்டி மொட்டையாகிப்போன புதர்நிலம். சுற்றுப்பட்டுக் கிராமத்து மக்களும் சேர்ந்து கன்று நட்டார்கள். 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மூர் மார்க்கெட் எரிந்துபோயிருந்தது. பழைய பீப்பிள்ஸ் பார்க்கின் முகமே அந்த ஒரு வருஷத்தில் மாறிவிட்டது.

வண்டலூரில் நமக்கும் புலிக்கும் நடுவே கம்பிக்குப் பதில் அகழி வந்தது. புலி விரும்பினால் மரத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம். "எதுவுமே தெரியல, காசு தண்டம்" என்று சலித்துக்கொண்டு திரும்பும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நம் கண்ணில் படாமல் இருக்கிற உரிமை அந்த உயிருக்குக் கிடைக்க 130 வருஷம் ஆகியிருக்கிறது.

2001ல் மீட்பு, மறுவாழ்வு மையத்துக்காக மேலும் நிலம் சேர்ந்து, மொத்தப் பரப்பு 602 ஹெக்டேர் ஆனது. சோதனைகளும் விடவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல், கன்றாக நட்டு வளர்த்த மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. 2021 ஜூனில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது. நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கமும், பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கமும் இறந்துபோயின.

சாய்ந்த மரங்களுக்குப் பதிலாக மறுபடி கன்றுகள் நட்டார்கள். பூங்காவுக்கு உள்ளேயே ஓட்டேரி ஏரி இருக்கிறது. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும்போது, கூட்டம் சேருவதற்கு முன் காலையிலேயே அந்தக் கரைக்குப் போய்ப் பாருங்கள். நத்தைகுத்தி நாரையும் வக்காவும் தாமாகப் பறந்து வந்து உட்கார்ந்திருக்கும். அவற்றை யாரும் பிடித்து வரவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் பூங்காவுக்கு விடுமுறை.

வணக்கம்.